சிடிசி வொண்டர்: மூன்று ராத்திரியை விழுங்கிய இலவசத் தளம்

"ஏம்மா, நீ பிரசவ வார்டுலதானே இருக்கே, இது நிஜமா?" என்று கேட்டு எதிர்வீட்டு மாமா ஒரு வாட்ஸ்அப் படம் அனுப்பினார். அமெரிக்காவில் எந்த இனத்துப் பெண் எத்தனை பிள்ளை பெறுகிறாள் என்று வண்ணப் பட்டைகளாக நிறுத்தியிருந்தார்கள். ஹிஸ்பானிக் பட்டை, அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்களின் பட்டை, 3 வரை உயர்ந்து கூரையைத் தொட்டது. வெள்ளையர் பட்டை பாதி உயரம். அடியில் கொட்டை எழுத்தில், இன்னும் முப்பது வருடத்தில் இந்த நாடு யாருடையது என்று ஒரு பயமுறுத்தல்.

நான் வார்டில் இல்லை. வார்டுக்கு இரண்டு கதவு தள்ளி, பிறப்புச் சான்றிதழுக்கு விவரம் சேர்க்கிற மேசையில் இருக்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனை. பிள்ளை பிறந்த மறுநாள், தூக்கமில்லாமல் கண் சிவந்திருக்கும் தாயிடம் ஒரு படிவத்தைக் கொடுத்து, பெயர், படிப்பு, முகவரி, இனம் எல்லாம் நிரப்பி வாங்குவது என் வேலை. இந்த நாட்டின் பிறப்புக் கணக்கு என்னைப் போன்றவர்களின் மேசையில்தான் தொடங்குகிறது. அது கடைசியில் என்ன ஆகிறது என்று ஒன்பது வருடமாக எட்டிப் பார்த்ததே இல்லை. மாமா கேட்டதும் ரோஷம் வந்துவிட்டது.

முதலில் மாதச் சந்தா வாங்குகிற ஒரு வரைபடத் தளத்தில் 29 டாலர் கட்டிச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். படங்கள் அழகு, தொட்டால் பட்டைகள் ஆடும். ஆனால் "கருவுறுதல் விகிதம்" என்று ஒரு பட்டையில் 56 என்று இருக்கிறது, அடுத்த பக்கத்தில் அதே தலைப்பில் 1.7 என்று இருக்கிறது. இரண்டும் வேறு வேறு அளவை என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டு அனுப்பினேன்; பதில் வரவில்லை. சந்தாவை நிறுத்தவே தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில் தேடியபோது கிடைத்ததுதான் சிடிசி வொண்டர்.

அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சிடிசி) தரவுத் தளம் இது. காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், மின்னஞ்சல் கேட்காது. பிறப்புத் தரவு 1995இலிருந்து இருக்கிறது. உள்ளே போகும் முன் ஒரு நிபந்தனைப் பக்கம் வரும்: யாரையும் அடையாளம் காண முயல மாட்டேன், சிறு எண்களை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். அதற்குப் பிறகு வருவது ஒரு நீண்ட படிவம். பார்க்கப் பழைய காலத்து அலுவலகப் படிவம் மாதிரிதான் இருக்கும், ஆடுகிற பட்டையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். எதை வைத்துப் பிரிக்க வேண்டும், எந்த வருடம், எந்த மாநிலம், தாயின் வயது, இனம், படிப்பு என்று வரிசையாகப் பெட்டிகள். ஒரே நேரத்தில் ஐந்து வகையில் பிரிக்கலாம். கீழே போய் அனுப்பினால் அட்டவணை வரும். நாள் முழுக்கப் படிவத்தோடு வாழ்கிறவள் என்பதால் எனக்கு அந்தத் தோற்றம் பிடித்தே இருந்தது.

முதல் ராத்திரி முழுக்க வீண். தப்பு என்னுடையதுதான். "தாயின் இனம்" என்பதை மட்டும் தேர்ந்து அனுப்பினேன். வெள்ளையர், கறுப்பினத்தவர், பூர்வகுடிகள், ஆசியர் என்று வந்தது. ஹிஸ்பானிக் எங்கே? காணவே காணோம். அரை மணி நேரம் தளத்தைத் திட்டிவிட்டு, சட்டென்று என் மேசைப் படிவம் ஞாபகம் வந்தது. அதில் இரண்டு கேள்வி உண்டு: நீங்கள் ஹிஸ்பானிக்கா என்பது ஒன்று, உங்கள் இனம் என்ன என்பது அடுத்தது. ஹிஸ்பானிக் என்பது அந்தப் படிவத்தில் இனமே அல்ல, தனிக் கேள்வி. மெக்சிகோக் குடும்பத்துப் பெண் முதல் கேள்விக்கு ஆம் என்று சொல்லி, இரண்டாவதில் பெரும்பாலும் வெள்ளையர் என்று குறிப்பாள். நான் கேட்ட அட்டவணையில் அவர்கள் எல்லோரும் வெள்ளையர் வரிசைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வருடமாக நானே வாங்கி அடுக்குகிற படிவம்! இனத்தையும் ஹிஸ்பானிக் பூர்வீகத்தையும் சேர்த்துத் தேர்ந்தால்தான் "ஹிஸ்பானிக் அல்லாத வெள்ளையர்", "ஹிஸ்பானிக்" என்று பிரியும். புதிதாக வருகிறவர்கள் முதலில் விழுகிற பள்ளம் இது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் ராத்திரிதான் உருப்படியானது. தளம் ஒரு பெண்ணுக்கு இத்தனை பிள்ளை என்ற எண்ணை நேராகத் தராது. அது தருவது பிறப்புகளின் எண்ணிக்கை, பெண்களின் எண்ணிக்கை, ஆயிரம் பெண்களுக்கு எத்தனை பிறப்பு என்ற விகிதம். 15 முதல் 44 வயது வரை எல்லாப் பெண்களையும் ஒன்றாகப் போட்டால் வருவது பொதுக் கருவுறுதல் விகிதம்: 2022இல் 56. அந்த 29 டாலர்க்காரர்கள் விளக்காமல் விட்ட எண் இதுதான். வயது வாரியாகப் பிரித்துக் கூட்டினால் வருவது மொத்தக் கருவுறுதல் விகிதம், பத்திரிகைகளில் வருகிற 1.7, 2.1 வகை எண்.

பால் கணக்கு எழுதுகிற நோட்டில் போட்டுப் பார்த்தேன். 2022, நாடு முழுக்க, ஆயிரம் பெண்களுக்கு: 10–14 வயதில் 0.2, 15–19இல் 13.6, 20–24இல் 57.5, 25–29இல் 93.5, 30–34இல் 97.5, 35–39இல் 55.3, 40–44இல் 12.6, அதற்கு மேல் 1.1. கூட்டினால் 331.3. ஒவ்வொரு வயதுத் தொகுதியிலும் ஒரு பெண் ஐந்து வருடம் இருப்பாள், ஆகவே ஐந்தால் பெருக்க வேண்டும்: 1,656.5. ஆயிரம் பெண்களுக்கு அத்தனை, ஒருத்திக்கு 1.66. அதிகாரப்பூர்வ அறிக்கையைத் திறந்து பார்த்தேன். 1,656.5. புள்ளிக்குப் பின்னால் இருக்கிற 5 உட்பட. ராத்திரி பன்னிரண்டரை மணிக்குத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

கையால் போட்டதில் ஒரு லாபம், அந்த எண் என்ன சொல்லவில்லை என்பதும் புரிந்தது. 1.66 பிள்ளை பெற்ற பெண் எங்கும் கிடையாது. 2022இன் பதினைந்து வயதுக்காரியும் நாற்பது வயதுக்காரியும் சேர்ந்து ஆக்கிய கற்பனைப் பெண் அவள். பெண்கள் பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடுகிற காலத்தில் இந்த எண், அவர்கள் கடைசியில் பெறப்போவதைவிடக் குறைவாகவே காட்டும். முதல் பிள்ளை பெறும் சராசரி வயது இந்த நாட்டில் 2016இல் 26.6, 2023இல் 27.5. ஆசியப் பெண்களுக்கு அது 30ஐத் தாண்டிவிட்டது. ஆசியர் பட்டை வெள்ளையர் பட்டையைவிடக் குட்டையாக இருப்பதைப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரி, மாமாவின் படத்துக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. பழசு. 2007இல் ஹிஸ்பானிக் பெண்களின் விகிதம் 2.8க்கு மேல்தான் இருந்தது. அதற்கு அடுத்த வருடம் வேலைகள் போய், வீடுகள் போய், மெக்சிகோவிலிருந்து வரும் கூட்டம் குறைந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண்கள் தாயாகும் வயதுக்கு வந்ததில் எண் சரசரவென்று இறங்கியது. 2017இல் 2,006.5. அதாவது 2.0. தலைமுறையை ஈடுகட்டத் தேவையான 2.1க்கும் கீழே. அதே வருடம் கறுப்பினப் பெண்களுக்கு 1,824.5, வெள்ளையருக்கு 1,666.5. படத்தைப் போட்டவர் ஒரு பட்டைக்கு 2007ஐ எடுத்து, மற்றவற்றுக்குப் புது எண்ணை எடுத்து ஒட்டியிருக்கிறார். என் மேசைக்கு வருகிற ஹிஸ்பானிக் தாய்மாரில் முப்பது வயதில் முதல் பிள்ளையோடு வருகிறவர்களை நான் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி இல்லை.

பதின்வயதுப் பிறப்புகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவு. 1991இல் 15–19 வயதில் ஆயிரம் பேருக்குக் கறுப்பினப் பெண்களிடம் 118, ஹிஸ்பானிக் பெண்களிடம் 105, வெள்ளையரிடம் 43. இன்று முதல் இரண்டும் 20ஐ ஒட்டி நிற்கின்றன. (1991 வொண்டரில் இல்லை, பழைய ஆண்டறிக்கையில் எடுத்தேன்.) கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையே இருந்த இடைவெளியில் பெரும் பங்கு இந்த ஐந்து வருட வயதுக்குள்ளேதான் இருந்திருக்கிறது. இன்னும் பின்னால் போனால், 1960இல் வெள்ளையர் 3.5, கறுப்பினத்தவர் 4.5 என்ற அளவு. ஒரு முழுப் பிள்ளை வித்தியாசம். 2017இல் அது 0.16. இதை மாமாவிடம் சொன்னபோது, "அப்ப எல்லாருமே கொறச்சுட்டாங்களா?" என்றார். ஆமாம் மாமா, எல்லோரும்தான்.

மூன்றாம் ராத்திரி நான் தூங்காததற்குக் காரணம் மெய்ன் மாநிலம். வொண்டரை நடத்துகிறவர்களுக்குத் தரவு கொடுக்கிற தேசிய சுகாதாரப் புள்ளிவிவர மையம், 2017ஆம் ஆண்டுக்கு மாநில வாரியாக, இன வாரியாக ஓர் அறிக்கை போட்டது. அதில் நாட்டிலேயே 2.1ஐத் தாண்டியவை தெற்கு டகோட்டாவும் யூட்டாவும் மட்டும். வெள்ளையரை மட்டும் எடுத்தால் எந்த மாநிலமும் தாண்டவில்லை, யூட்டா 2,099.5இல் நின்றுவிட்டது, அரைப் புள்ளியில் பாஸ் மார்க் தவறின பையன் மாதிரி. தலைநகர் வாஷிங்டனில் வெள்ளையர் 1,012, அதாவது ஆளுக்கு ஒன்று. இதெல்லாம் ஒருவாறு ஊகிக்கக்கூடியவை. ஆனால் கறுப்பினப் பெண்களின் பட்டியலில் முதலிடம் மெய்ன்: 4,003.5. கடைசி இடம் வயோமிங்: 1,146. ஒரே நாடு, ஒரே பெட்டி, ஓரிடத்தில் 4 பிள்ளை, இன்னோரிடத்தில் 1!

மெய்ன் மாநிலத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. அந்தக் கொஞ்சம் பேரில் கணிசமானவர்கள் சோமாலியாவிலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்கள்; 2001 முதல் லூயிஸ்டன் என்ற பழைய ஆலை நகரத்தில் குடியேறியவர்கள். பெரிய குடும்பம் வழக்கமாக இருக்கிற ஊரிலிருந்து, பிள்ளை பெறும் வயதில் வந்தவர்கள். அந்த 4க்கும் மிசிசிப்பியில் ஏழு தலைமுறையாக வாழ்கிற கறுப்பினக் குடும்பத்துக்கும் தோலின் நிறம் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது. வொண்டரில் இதைச் சரிபார்க்க முடிந்தது. தாய் பிறந்தது இந்த நாட்டிலா வெளியிலா என்று பிரித்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது. என் பார்வையில் தளத்தின் பெரிய பலம் இதுதான். "இனம்" என்ற ஒற்றைப் பட்டையை உடைத்து, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்க விடுகிறது.

உடைக்க உடைக்க ஓரிடத்தில் தளம் கையைத் தட்டிவிடும். நாடு முழுக்க என்பதை விட்டு மாநிலம், கவுண்டி (மாவட்டம் மாதிரி) என்று கீழே போகும்போது, அட்டவணையின் ஓர் அறையில் பத்துக்கும் குறைவான பிறப்பு இருந்தால் எண்ணைக் காட்டாமல் மறைத்துவிடும். இருபதுக்குக் குறைவென்றால் விகிதத்துக்குப் பதில் நம்பத்தகாதது என்று எழுதும். 1 லட்சம் பேர் இல்லாத கவுண்டிக்குப் பெயரே கிடையாது, எல்லாவற்றையும் சேர்த்து அடையாளமில்லாத கவுண்டிகள் என்று ஒரு வரி. லூயிஸ்டன் இருக்கும் ஆண்ட்ரோஸ்காகின் கவுண்டி 1 லட்சத்தைக் கொஞ்சமே தாண்டியதால் பட்டியலில் தப்பித்தது. சிலர் இந்த மறைப்பைக் குறையாகச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன ஊரில் நாற்பத்தாறு வயதில் பிள்ளை பெற்ற ஒரே ஆசியப் பெண் யார் என்று ஊருக்கே தெரியும். அவள் என் படிவத்தில் எழுதியதெல்லாம் இப்படி வெளியே வரக் கூடாது.

அப்புறம், பெட்டிகள். இந்தத் தளத்தை மதிப்பிட எனக்குத் தகுதி இருக்கிறதென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான். படிவத்தில் இனக் கேள்விக்குக் கீழே பதினைந்து பெட்டி. ஆசிய இந்தியர், சீனர், பிலிப்பினோ, ஜப்பானியர், கொரியர், வியட்நாமியர் என்று தனித்தனியாக இருக்கும். ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம். யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி பேனாவை வைத்துக்கொண்டு, "அக்கா, நான் எதிலை போடுறது?" என்று கேட்டாள். ஆசிய இந்தியர் என்று போட அவளுக்கு மனம் வரவில்லை, வராதுதானே. "பிற ஆசியர்" என்று குறித்து, பக்கத்தில் கையால் இலங்கைத் தமிழ் என்று எழுதினாள். அடுத்த அறையில் இருந்த திருநெல்வேலிக்காரி ஆசிய இந்தியர் பெட்டியில் குறித்திருந்தாள். இரண்டு பேரும் தமிழில்தான் தாலாட்டுப் பாடுவார்கள், கணக்கில் இரண்டு வரிசை. குழந்தைக்கு இனம் என்னவென்று படிவம் கேட்பதே இல்லை. 1989 முதல் தாயின் இனத்தை வைத்துத்தான் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்பு, பெற்றோரில் ஒருவர் வெள்ளையர், மற்றவர் இல்லை என்றால், குழந்தையை மற்றவரின் இனத்தில் சேர்த்திருக்கிறார்கள். நான் மேலே சொன்ன 1960 எண்ணை அந்தப் பழைய விதியோடுதான் படிக்க வேண்டும்.

இதைவிடச் சிக்கல் பூர்வகுடிகள் கணக்கு. பிறப்பு என் மேசையிலிருந்து வருகிறது, பெண்களின் எண்ணிக்கை மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. ஒரே பெண் இரண்டிடத்திலும் ஒரே மாதிரி குறிப்பாள் என்று என்ன நிச்சயம்? 2010 கணக்கெடுப்பில் தனியாகவோ வேறு இனத்தோடு சேர்த்தோ பூர்வகுடி என்று குறித்தவர்கள் 52 லட்சம். 2020இல் 97 லட்சம். பத்து வருடத்தில் யாரும் அத்தனை பிள்ளை பெற முடியாது. கேள்வியும் கணக்கிடும் முறையும் மாறின, தங்களை எப்படிக் குறிப்பது என்று மக்களும் மாறினார்கள். இப்படி வகுக்கிற எண்ணான பெண்களின் தொகை வீங்கும்போது விகிதம் தானாகச் சுருங்கும். பூர்வகுடிகளின் கருவுறுதல் குறைவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் கொஞ்சம் நிதானிப்பேன்.

தளத்தின் ஆவணப் பக்கங்களில் இதெல்லாம் எழுதியிருக்கிறது, நீளமாக, சின்ன எழுத்தில். படிக்காமல் அட்டவணையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடலாம், தளம் தடுக்காது. என் ஆலோசனை: முதலில் அந்தப் பக்கங்களைப் படியுங்கள், காபியோடு. தரவை இறக்கி எக்செல்லில் போடலாம், எண்கள் சுத்தமாக வந்து உட்காரும். கைபேசியில் வேண்டாம், அத்தனை பெட்டிகளையும் விரலால் நகர்த்திக் கண் போய்விடும். வரைபடம் கேட்டால் உள்ளேயே ஒன்று போட்டுத் தரும், அழகை மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2024 மார்ச்சில் இனக் கேள்வியின் விதியையே மாற்றிவிட்டார்கள். ஹிஸ்பானிக் என்பது இனிமேல் தனிக் கேள்வி இல்லை, மற்றவற்றோடு ஒரே கேள்விக்குள் வரும். மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்கா என்று ஒரு புதுப் பெட்டியும் சேரும். அரசுத் துறைகளுக்கு மாற 2029 வரை அவகாசம். மாறும்போது எல்லாப் பட்டைகளும் ஒரு குலுக்குக் குலுங்கும், ஒரு பிள்ளைகூடக் கூடுதலாகவோ குறைவாகவோ பிறக்காமல். அந்த வருடம் வரப்போகிற வாட்ஸ்அப் படங்களை நினைத்தால் இப்போதே தலை வலிக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் குறைத்தது, மொத்தக் கருவுறுதல் விகிதத்தைத் தளமே கூட்டித் தந்திருக்கலாம் என்பதற்காக. ஆனால் தந்திருந்தால் நான் நோட்டை எடுத்திருக்க மாட்டேன் என்பதும் உண்மைதான்.

சனிக்கிழமை காலை நாலு பக்கம் அச்சடித்து மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஹிஸ்பானிக் வரியில் விரல் கொஞ்சம் நின்றது. "2007 எண்ணைப் போட்டு ஏமாத்திட்டானா?" என்றார். பிறகு ஆசியர் வரிக்கு வந்து, "இதுல நம்ம ஆளுங்க எவ்வளவும்மா?" என்று கேட்டார். இந்தியத் தாய்மார் பெற்ற பிள்ளைகள் எத்தனை என்று தளத்தில் எடுத்துவிடலாம். ஆனால் வருடாவருடம் வரும் மக்கள்தொகை மதிப்பீடு ஆசியரை ஒரே கட்டாகத்தான் தருகிறது. இந்தியப் பெண்கள் மட்டும் எத்தனை பேர் என்று அதில் பிரியாது. வகுக்க ஆள் இல்லாமல் விகிதம் எப்படி வரும் என்று விளக்கினேன். மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.